பிலிப்பைன்ஸ் விளையாட்டு 2025: ஆண்டு மலருக்கு எதை எடுப்பது, எங்கே பிழை வரும்?

நிலாவெளி நெட்:

வணக்கம் உறவுகளே. திருகோணமலையில் எங்கள் கழகத்தின் ஆண்டு மலரில் ஒரு வெளிநாட்டின் விளையாட்டு ஆண்டுக்கு நாலு பக்கம் ஒதுக்குவது வழக்கம். இம்முறை பிலிப்பைன்ஸ், 2025. எங்கள் தேசிய விளையாட்டு கரப்பந்தாட்டம். ஆண்கள் உலக சம்பியன்ஷிப்பை அந்த ஆண்டு நடத்தியவர்கள் அவர்கள். அதனால்தான் இந்தத் தெரிவு. வாசிக்கப் போவது 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள். பின்பக்கத்தில் பத்துக் கேள்விப் போட்டியும் இருக்கு.

நாலு இடத்தில் சிக்கி நிற்கிறேன்.

நாலு பக்கத்தில் எதற்கு எவ்வளவு இடம்? ஜிம்னாஸ்டிக் வீரர் கார்லோஸ் யூலோ 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தரைப் பயிற்சியில் 15.000 எடுத்தார், 2025 ஜகார்த்தா உலக சம்பியன்ஷிப்பில் 14.533. ஆள் தளர்ந்துவிட்டார் என்று எழுதலாமா? குத்துச்சண்டை வீரர் மானி பக்கியாவின் ஜூலை சண்டை சமநிலை என்கிறார்கள், ஆனால் ஒரு நடுவர் எதிராளிக்குக் கொடுத்திருக்கிறார், அது எப்படிச் சமநிலை? கடைசியாக, உதைபந்து, கூடைப்பந்து அணிகளில் அரைவாசிப் பெயர் அமெரிக்கப் பெயர். பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?

மூன்றாம் தொடுகை:

முதல் கேள்விக்கு என் பதில்: ஒன்றரைப் பக்கம் கரப்பந்துக்கு. தலைப்பும் அதுவே. வென்ற ஆட்டத்தைத் தலைப்பாக்க வேண்டாம், தோற்ற ஆட்டத்தை ஆக்குங்கோ.

செப்டெம்பர் 12 முதல் 28 வரை, முதன்முறையாக 32 அணிகள், நாலு நாலாக எட்டுக் குழு. ஒவ்வொரு குழுவிலும் முதல் இரண்டும் அடுத்த சுற்றுக்கு. இரண்டு அரங்கு: கியூசோன் நகரத்தின் அரனெற்றா கொலிசியம், பாசாயின் மோல் ஒஃப் ஏசியா அரினா. பிலிப்பைன்ஸ் நடத்தும் நாடு என்பதால் தகுதிகாண் ஆட்டமின்றி நேரே உள்ளே வந்தது. பயிற்றுநர் இத்தாலியர் அஞ்சோலினோ ஃப்ரிகோனி, தலைவர் பிரையன் பகுனாஸ். குழுவில் துனிசியா, எகிப்து, ஈரான்.

முதல் நாள் துனிசியாவிடம் 0-3. 13-25, 17-25, 23-25. பலரும் அத்தோடு கதையை முடித்துவிட்டார்கள். 16ஆம் திகதி எகிப்தை 3-1 என்று வென்றார்கள்: 29-27, 23-25, 25-21, 25-21. 18ஆம் திகதி ஈரான்: 21-25, 25-21, 25-17, 23-25, 20-22.

இந்த ஐந்து செட்டையும் கூட்டிப் பாருங்கோ. பிலிப்பைன்ஸ் 114, ஈரான் 110. கூடப் புள்ளி எடுத்தவன் தோற்றான். கரப்பந்தில் செட்டைத்தான் எண்ணுவது, புள்ளியை அல்ல. பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடையாது. மூன்றாவது செட்டில் எட்டுப் புள்ளி வித்தியாசத்தில் வென்றது அடுத்த செட்டுக்குக் கொஞ்சமும் உதவாது. நாலாவதை இரண்டு புள்ளியால் விட்டால் கணக்கு 2-2 தான்.

மலரில் வழமையாகப் பிழைக்கும் இடம் குழுப் புள்ளி. 3-0 அல்லது 3-1 என்று வென்றால் 3 புள்ளி, தோற்றவனுக்கு 0. 3-2 என்றால் வென்றவனுக்கு 2, தோற்றவனுக்கு 1. ஆகவே பிலிப்பைன்ஸுக்கு எகிப்திடமிருந்து 3, ஈரானிடமிருந்து 1, மொத்தம் 4. ஆனால் வரிசைப்படுத்தும்போது முதலில் பார்ப்பது வென்ற ஆட்டங்களின் எண்ணிக்கை. அது சமமானால் மட்டும் புள்ளி, அதுவும் சமமானால் செட் விகிதம். துனிசியாவும் ஈரானும் இரண்டு இரண்டு வெற்றி. பிலிப்பைன்ஸ் ஒன்று. அந்த 20-22 மறுபக்கம் விழுந்திருந்தால் ஈரானின் இடத்தில் இவர்கள் போயிருப்பார்கள்.

கிண்ணம் இத்தாலிக்கு, இறுதியில் பல்கேரியாவை 3-1. ஒலிம்பிக் சம்பியன் பிரான்ஸும் ஜப்பானும் குழுச் சுற்றோடு வீடு போனார்கள். அதே ஆண்டு தாய்லாந்தில் நடந்த பெண்கள் கிண்ணமும் இத்தாலிக்கே போனது. இதற்கு ஒரு வரி போதும்.

புள்ளிக்கணக்கு:

யூலோ தளர்ந்துவிட்டார் என்று தயவுசெய்து எழுத வேண்டாம். இரண்டு வெவ்வேறு அளவுகோல்.

ஜிம்னாஸ்டிக் புள்ளி இரண்டு துண்டு. ஒன்று கடினம்: செய்த அசைவுகளின் பெறுமதியும் அசைவு வகைகளுக்கான சேர்ப்பும். மற்றது செய்நேர்த்தி: 10இல் தொடங்கிக் கழித்துக்கொண்டு வருவது. தரையிறங்கும்போது சின்ன அடி ஒன்று எடுத்தால் 0.1, பெரிய அடி 0.3, விழுந்தால் 1.0. பாரிஸில் யூலோவுக்குக் கடினம் 6.6, செய்நேர்த்தி 8.4, கூட்டினால் 15.000. இஸ்ரேலின் ஆர்ட்டெம் டொல்கொபியாற் 14.966 எடுத்து வெள்ளி.

2025இல் ஆண்கள் விதிநூல் மாறியது. முன்பு பத்து அசைவை எண்ணினார்கள், இப்போது எட்டு. இரண்டு அசைவின் பெறுமதி எல்லாரிடமும் கழன்று போகும். அதனால் பழைய 15.000ஐயும் புதிய 14.533ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கணக்குப் பொய் சொல்லும். ஜகார்த்தாவில் தங்கம் எடுத்த பிரித்தானியாவின் ஜேக் ஜார்மனே 14.866 தான். யூலோவுக்கு வெண்கலம். அந்தந்த ஆண்டுக்குள் இடத்தை ஒப்பிடலாம், ஆண்டு தாண்டிப் புள்ளியை ஒப்பிடக் கூடாது.

உங்களுக்கு நல்ல செய்தி வோல்ட்டில், அதாவது ஓடிவந்து மேசையில் கையூன்றித் தாண்டும் பிரிவில் இருக்கு. ஜகார்த்தாவில் யூலோ 14.866, ஆர்மீனியாவின் ஆர்த்தூர் டவ்தியான் 14.833. வித்தியாசம் 0.033. வோல்ட் இறுதியில் இரண்டு வெவ்வேறு பாய்ச்சல் செய்து சராசரி எடுப்பது வழக்கம். ஒரு பாய்ச்சலில் சின்ன அடி ஒன்றுக்கு 0.1 போனால் சராசரியில் 0.05 போகும். அதாவது கூடுதலாக ஒரேயொரு சின்ன அடி வைத்திருந்தால் தங்கம் கைமாறியிருக்கும். பாரிஸிலும் இதே கணக்குத்தான்: 15.433, 14.800. சராசரி 15.1165. பலகையில் வந்தது 15.116. மூன்றாம் தசமத்துக்குப் பிறகு வெட்டுவார்கள், மேலே கொண்டுபோக மாட்டார்கள். மலரில் 15.117 என்று அச்சாகினால் யாராவது கணக்கு வாத்தியார் சரி என்பார், ஆனால் பிழை.

பக்கியாவ்: 12 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் வென்றவனுக்கு 10, மற்றவனுக்கு வழமையில் 9. ஆறுக்கு ஆறு என்றால் 60 உம் 54 உம், 114. இரண்டு நடுவர் 114-114, மூன்றாமவர் 115-113 என்று மரியோ பரியோஸுக்கு. சமநிலை கொடுத்தவர்கள் இரண்டு பேர், பெரும்பான்மை. ஆகவே முடிவு பெரும்பான்மைச் சமநிலை. உலகப் பட்டம் ஏற்கனவே வைத்திருந்த பரியோஸிடமே நின்றது. மூன்று நடுவரும் கடைசி மூன்று சுற்றையும் பரியோஸுக்குக் கொடுத்தார்கள். 46 வயதில், நாலு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு ஏறியவர் முன்னிலையை விட்டது அங்கேதான். "பறித்துவிட்டார்கள்" என்று எழுதுவது உணர்ச்சிக்கு நல்லது, அட்டைக் கணக்குக்கு அல்ல.

சீனக்குடாக் காற்று:

கூடைப்பந்தை எங்கே விட்டீர்கள்? அந்த நாட்டில் சந்துக்குச் சந்து வளையம். அவர்களின் தொழில்முறை லீக் பி.பி.ஏ. 1975 ஏப்ரலில் தொடங்கியது, ஆசியாவில் முதலாவது. 2025இல் அதற்கு 50 வயது. அதை விட்டுவிட்டு மலர் போட்டால் துறைமுகத்துக்கு வரும் பிலிப்பினோ மாலுமிகளே சிரிப்பார்கள்.

மூன்றாம் தொடுகை:

சரிதான், அரைப் பக்கம் கொடுக்கலாம். ஆனால் உள்நாட்டில் கொடி கட்டிப் பறக்கும் விளையாட்டு அந்த ஆண்டு வெளியில் எடுபடவில்லை. ஓகஸ்ட்டில் ஜெத்தாவில் ஆசியக் கிண்ணக் காலிறுதியில் அவுஸ்திரேலியாவிடம் 60-84. 2023 ஹாங்சூவில் 61 ஆண்டுக்குப் பிறகு ஆசிய விளையாட்டு விழாத் தங்கம் எடுத்த அணி, இரண்டு ஆண்டில் இந்த நிலை. நெட்டையர் தேவைப்படும் ஆட்டத்தில் நெட்டையர் காயப்பட்டால் மாற்று இல்லை. 7 அடி 3 அங்குல கை சொட்டோ 2025 ஜனவரியில் முழங்கால் தசைநார் அறுந்து ஆண்டு முழுக்க வெளியே.

குத்துச்சண்டையைப் பாருங்கோ. மெல்வின் ஜெருசலெம், பெட்ரோ டடுரான், இருவரும் 2025இல் உலகப் பட்டத்தைக் காத்தவர்கள், இருவரும் ஆகக் குறைந்த எடைப் பிரிவு, 47.6 கிலோ. யூலோ ஐந்தடிக்குள். 2021 டோக்கியோவில் நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கத்தைக் கொண்டுவந்த ஹிடிலின் டியாஸ் 55 கிலோப் பிரிவுப் பளுதூக்குநர். எடையால் பிரித்த இடத்திலும், குள்ளமாயிருப்பது உதவும் இடத்திலும் அவர்களுக்கு வாசல் திறந்திருக்கு. கூடையின் உயரம் யாருக்கும் குறையாது.

பி.பி.ஏ. எழுதும்போது ஒரு பொறி: அணிப் பெயர்கள் ஊர் அல்ல, கம்பனி. சான் மிகுவல் பியர்க் கம்பனி, ஹினேப்ரா ஜின் சாராயம், டி.என்.டி. கைபேசி இணைப்பு. "சான் மிகுவல் நகர அணி" என்று போட்டால் கெட்டது. ஒரு பருவத்தில் மூன்று தனித்தனிக் கிண்ணம், அவற்றில் பிலிப்பைன் கிண்ணத்தில் வெளிநாட்டு வீரர் கூடாது. மற்ற இரண்டையும் வென்று மூன்றாவதைத் துரத்திய டி.என்.டி.யை 2025 ஜூலையில் சான் மிகுவல் 4-2 என்று மறித்தது. அது அவர்களின் 30ஆவது கிண்ணம்.

நிலாவெளி நெட்:

நன்றி அண்ணைமார். டென்னிஸ் பெண் பிள்ளைக்கு எவ்வளவு இடம்? தரவரிசை வரைபடம் ஒன்று போட யோசனை. அமெரிக்கப் பெயர் கேள்வி இன்னும் நிற்கிறது.

புள்ளிக்கணக்கு:

அலெக்ஸ் இயாலாவுக்கு ஒரு முழுப் பக்கம். முதலில் பெயர்: இ-யா-லா என்று மூன்று அசை. ஈலா என்று எழுத வேண்டாம்.

மார்ச் மயாமி. தரவரிசை 140, அதனால் நேரடி இடம் கிடையாது, வைல்ட் கார்ட் அழைப்பில் உள்ளே போனார். ஒஸ்டாபென்கோ, மடிசன் கீஸ், ஸ்வியான்டெக், மூன்று கிராண்ட்ஸ்லாம் சம்பியன்களைச் சாய்த்தார், மூவரிடமும் ஒரு செட்கூட விடவில்லை. ஸ்வியான்டெக் 6-2, 7-5. இடையில் படோசா விலகியதால் ஒரு ஆட்டம் ஆடாமலே கிடைத்தது, அதை வெற்றிக் கணக்கில் சேர்க்காதீர்கள். அரையிறுதியில் பெகுலாவிடம் மூன்று செட்டில் தோல்வி. அடுத்த பட்டியலில் 75.

வரைபடத்தில் கவனம்: மயாமி போன்ற 1000 தரப் போட்டி அரையிறுதிக்கு 390 புள்ளி. அது 52 வாரம் மட்டும் நிற்கும், பிறகு கழன்றுவிடும். அதே அளவு அடுத்த மார்ச்சில் எடுக்காவிட்டால் நன்றாக ஆடிக்கொண்டிருந்தாலும் கோடு கீழே சரியும். படத்தின் அடியில் இந்த ஒரு வரி இல்லாவிட்டால் பிள்ளைகள் தவறாக வாசிப்பார்கள்.

ஜூனில் ஈஸ்ட்போர்ன் இறுதி, மாயா ஜொயின்டிடம் 4-6, 6-1, 6-7. சமநிலையை முறிக்கும் டைபிரேக் 10-12. கிண்ணத்துக்கான புள்ளி நாலு கையில் வந்து நழுவியது. ஓகஸ்ட்டில் அமெரிக்கப் பகிரங்கத்தில் கிளாரா டவ்சனுக்கு எதிராக மூன்றாவது செட்டில் 1-5 பின்னால் நின்று எழும்பி, டைபிரேக் 13-11. கிராண்ட்ஸ்லாம் தனிநபர் பிரதான சுற்றில் ஒரு பிலிப்பினோ பெண் ஆட்டம் வென்றது திறந்த யுகத்தில் அதுவே முதல். செப்டெம்பரில் குவாடலஹாராவில் கிண்ணமே எடுத்தார், 1-6, 7-5, 6-3. அது 125 தரப் போட்டி, பெண்கள் டென்னிஸ் சங்கமான டபிள்யூ.டி.ஏ.யின் பிரதான சுற்றுக்கு ஒரு படி கீழே. "முதல் டபிள்யூ.டி.ஏ. பட்டம்" என்று வெறுமனே போட்டால் குழப்பம், 125ஐச் சேர்த்து எழுதுங்கோ.

கோட்டையடி:

அமெரிக்கப் பெயர் பற்றி. ஒவ்வொரு விளையாட்டிலும் விதி வேறு, ஒரே வாக்கியத்தில் அடக்கப் பார்த்தால் பிழைக்கும்.

கூடைப்பந்து: 16 வயதாக முன் அந்த நாட்டுக் கடவுச்சீட்டு எடுத்திருந்தால் உள்ளூர் வீரர். அதற்குப் பிறகு எடுத்தால், தாய் பிலிப்பினோவாக இருந்தாலும், குடியுரிமை பெற்றவர் பட்டியலில்தான் வைப்பார்கள். பன்னிரண்டு பேரில் அப்படி ஒருவர் மட்டும். அதனால்தான் ஜோர்டன் கிளார்க்சனும் ஜஸ்டின் பிரவுன்லியும் சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனப் போட்டி ஒன்றில் ஒன்றாக ஆட முடியாது. பிரவுன்லிக்கு பிலிப்பினோ இரத்தம் இல்லை. 2023இல் அவருக்கென்றே பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டுக் குடியுரிமை கொடுத்தது.

உதைபந்து: குடியுரிமையோடு தாய், தகப்பன், பாட்டன், பாட்டி யாராவது அந்த நாட்டில் பிறந்திருந்தால் போதும். எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை. கலிபோர்னியாவில் பிறந்த பேத்தி தாராளமாக ஆடலாம். 2023 பெண்கள் உலகக் கிண்ணத்தில் நியூசிலாந்தை அதன் மண்ணிலேயே 1-0 என்று வென்ற அணி இந்த வழியால் கட்டியதுதான். 2025 டிசெம்பரில் தாய்லாந்துத் தென்கிழக்காசிய விளையாட்டு விழாவில் வியட்நாமைத் தண்ட உதையில் வென்று பெண்கள் உதைபந்தில் முதல் தங்கமும் எடுத்தார்கள். புலம்பெயர்ந்த பிள்ளைகளை அணிக்கு எடுப்பது சரியா பிழையா என்று எங்கள் ஊரிலும் வாக்குவாதம் நடப்பதுதான். பிள்ளைகளுக்கு விதியைச் சொல்லுங்கோ, தீர்ப்பை அவர்கள் சொல்லட்டும்.

அந்த விழாப் பதக்க எண்ணிக்கையைப் பெரிய எழுத்தில் போட வேண்டாம். எந்த விளையாட்டைச் சேர்ப்பது என்று நடத்தும் நாடு தீர்மானிக்கும். 2019இல் பிலிப்பைன்ஸ் நடத்தியபோது 149 தங்கத்தோடு முதலிடம். அதில் 14 அவர்களின் சொந்தத் தடிச்சண்டை அர்னிஸில் வந்தது. அந்த எண்ணையும் வெளியூரில் நடந்த விழாவின் எண்ணையும் அருகருகே வைத்தால் நியாயமாகாது.

இரண்டு சின்ன விடயம். பக்கியாவ் சண்டை லாஸ் வேகாஸில் ஜூலை 19 இரவு, இங்கே 20 காலை. போட்டி நடந்த இடத்துத் திகதியையே எல்லாவற்றுக்கும் போடுங்கோ, இல்லையென்றால் ஒரே பக்கத்தில் இரண்டு திகதி வரும். மணிலா எங்களுக்கு இரண்டரை மணி முன்னால், அங்கே அநேகமாகத் திகதி சிக்காது. மற்றது, நவம்பர் 21 முதல் டிசெம்பர் 7 வரை பாசிக் நகரத்தில் பெண்களுக்கான முதலாவது ஃபுட்சால் (உள்ளரங்கில் ஐவர் ஆடும் உதைபந்து) உலகக் கிண்ணம், 16 அணி, இறுதியில் பிரேசில் போர்த்துக்கலை 3-0. ஒரே ஆண்டில் இரண்டு உலகப் போட்டியை வீட்டில் வைத்தவர்கள் என்று சொல்ல இது வேணும்.

சீனக்குடாக் காற்று:

பாடசாலைப் பிள்ளைகள் வாசிப்பதென்றால் பலரோங் பம்பன்சாவையும் ஒரு பெட்டிக்குள் போடுங்கோ. எங்கள் அகில இலங்கைப் பாடசாலை விளையாட்டு மாதிரி, பிராந்தியம் பிராந்தியமாக மோதுவது. 2025 மே, லாவாக் நகரம், இலோகோஸ் நோர்த்தே மாகாணம்.

நிலாவெளி நெட்:

அப்போ கரப்பந்து ஒன்றரை, இயாலா ஒன்று, யூலோவும் குத்துச்சண்டையும் சேர்ந்து அரை, கூடைப்பந்து அரை, மிச்ச அரைப் பக்கத்தில் விதிப் பெட்டியும் லாவாக்கும் ஃபுட்சாலும். 114-110ஐ முதல் கேள்வியாக வைக்கிறேன்.

மூன்றாம் தொடுகை:

முதல் கேள்வியாக வேண்டாம், கடைசியில் வையுங்கோ. ஐந்து செட்டின் புள்ளியையும் கொடுத்து "வென்றது யார்?" என்று மட்டும் கேளுங்கோ, கூட்டுத்தொகையைக் கொடுக்காதீர்கள். கூட்டிப் பார்க்கிற பிள்ளை பிலிப்பைன்ஸ் என்று எழுதும், செட்டை எண்ணுகிற பிள்ளை ஈரான் என்று எழுதும். விடைப் பக்கத்தில் ஐந்தாவது செட் 15க்குத்தான், இரண்டு புள்ளி வித்தியாசம் வரும்வரை இழுபடும் என்று ஒரு வரி சேருங்கோ. இல்லாட்டி 20-22ஐப் பார்த்து அச்சுப் பிழை என்று நினைத்து யாராவது 25-22 ஆக்கிவிடுவார்கள்.